பிரேக்கை ஆர் பூட்டினது?

எங்கள் காரைப் பார்க்க வருகிற ஆண்கள் எல்லோரும் முதலில் என் கணவரின் கையைத்தான் பிடித்துக் குலுக்குவார்கள். அவருடைய கை மெத்தென்றிருக்கும். கணக்காளர் கை. நகத்தடியில் ஒரு பொட்டு ஊத்தை இருக்காது. பக்கத்தில் நிற்கிற என் கையைப் பார்த்தால் முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி பட்ட தழும்பு, கட்டைவிரல் நகம் பாதி கறுப்பு. கண் இருக்கிறவனுக்கு இது போதாதா? போதாது. என்ன எஞ்சின் என்று அவரிடம் கேட்பார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்பார்கள்.

காரைச் செய்தது நான். சேசி என்கிற அடிச்சட்டத்தின் முதல் வெல்டிங்கிலிருந்து கடைசி நட்டு வரைக்கும் நான். இதைச் சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது, ஏனென்றால் இதைச் சொல்லவேண்டி வந்ததே ஒரு கேவலம்.

ஹொட் ரொட் என்பது முப்பதுகளில் வந்த அமெரிக்கக் காரின் உடம்பை எடுத்து, நிலத்தோடு நிலமாகத் தாழ்த்தி, அதற்குள் தாங்கமுடியாத அளவு பெரிய எஞ்சினைத் திணித்து ஓட்டுகிற கார். கூரையில்லாமல் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியதை ரோட்ஸ்டர் என்பார்கள். நாங்கள் வந்து குடியேறிய நாட்டில், எங்கள் வீடு இருக்கிற ரானுயிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று சேர்ந்து உறுமிக்கொண்டு போகும். மற்றவர்கள் யன்னலைச் சாத்துவார்கள். நான் சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்பதில்லை, அடிவயிற்றில் கேட்கும்.

நியூ லின்னில் கார்ச் சாமான் விற்கிற கடையொன்றில் கவுண்டரில் நிற்கிறேன். அங்கேயும் இதே கதைதான். எந்தக் காருக்கு எந்த பெயாரிங் என்று நான் கணினியைத் தட்டாமலே சொல்வேன். ஆனாலும் நாளுக்கு ஒருத்தனாவது வந்து, உள்ளே ஆம்பிளை யாரும் இருக்கினமா என்று கேட்பான். இருக்கிறார், கூப்பிடுகிறேன், அவர் வந்து என்னைத்தான் கேட்பார் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுவேன். அவர் வந்து என்னைத்தான் கேட்பார்.

அந்தக் கவுண்டரில்தான் கார் கிடைத்தது. ஒரு பண்ணைக்காரர் டிராக்டருக்கு பெல்ட் வாங்க வந்தவர், தன் கொட்டகையில் பழைய ரோட்ஸ்டர் உடம்பொன்று கோழிக்கூடாகக் கிடக்கிறது, யாராவது எடுத்தால் புண்ணியம் என்றார். நான் எடுத்தேன். டிரெய்லரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கோழி எச்சம், துரு, ஒரு பக்கக் கதவு இல்லை.

"இதுக்கு என்ன வருத்தம்?" என்றார்.

"எல்லா வருத்தமும்தான்," என்றேன்.

அவர் போய்க் கோப்பையை வைத்துவிட்டு வந்தார். தன்னுடைய ஹைபிரிட் காரை கராஜிலிருந்து எடுத்து வெளியே மழையில் விட்டார். அன்றைக்கு விட்டது, இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறது. அவரைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும், அதனால் சொல்கிறேன்.

பிறகு வருஷக் கணக்கில் எனக்குச் சனிக்கிழமை என்றால் கராஜ். வெல்டிங் படிக்கப் பின்னேர வகுப்புக்குப் போனேன். சேசியை ஒருமுறை செய்து, அளந்து பார்த்து, ஒரு விரற்கடை கோணல் என்று கண்டு, வெட்டி மறுபடியும் செய்தேன். சாம்பாருக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, கியர்பொக்ஸுக்குக் கீழே படுத்தபடி குக்கர் விசிலை எண்ணியிருக்கிறேன். முன் கிரில்லுக்கு மட்டும் ஒரு மாரிகாலம் முழுவதும் போனது. மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டி, ஒன்று கோணினாலும் கழற்றி. அந்தக் கிரில் என்னுடைய கண்.

பிரேக்கில்தான் நான் அதிகம் பயந்தேன். எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம், பிரேக் விட்டால் என்ன செய்வது? அதனால் அந்தக் குழாய்களை மூன்று தரம் பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

வெளியே என்ன கதை என்றால், "தம்பி கார் கட்டுறான்." இதைக் கிளப்பியது என் கணவரின் தமையன். நான் அவரைப் பெரியத்தான் என்பேன். சான்ட்ரிங்ஹாமில் இருக்கிறார், எங்களுக்கு முந்தியே வந்தவர். இவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். அதனால் பெரியத்தான் பகலை இரவு என்றால் என் கணவர் எழும்பிப் போய் லைட்டைப் போடுவார். கோயிலில், கலியாண வீட்டில், பிறந்தநாள் விழாவில் எல்லாம் பெரியத்தான் தம்பியின் காரைப் பற்றிக் கதைத்தார். ஒருநாள் அவர் முகத்துக்கு நேரேயே திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஆர் குத்தினாலும் அரிசியானால் சரிதானே பிள்ளை," என்றார்.

"குத்தினவளுக்குத்தானே பெரியத்தான் கை நோகுது," என்றேன்.

பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

காரில் என் கை இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட ஒன்றிரண்டு பேரும் சும்மா விடவில்லை. "தகப்பன்ர கை, வேறென்ன," என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடை இருந்த காலத்தில் என் அப்பா வாடகைக்கு ஓடுகிற ஹயரிங் கார் வைத்திருந்தார். கார்பரேட்டருக்குள் நாலு சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். நல்ல கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிசன் என்னை பொனெட்டுக்குக் கிட்டவும் விட்டதில்லை. பொம்பிளைப் பிள்ளை, சட்டையில் எண்ணெய் பிரளும், உள்ளே போ என்று துரத்தியவர். துரத்தினவருக்கும் பங்கு போகிறது. செய்தவளுக்கு மட்டும் இல்லை. நல்ல நியாயம்!

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். என் கணவர் தன் வாயால், நாலு பேருக்கு முன்னால், முக்கியமாகத் தமையனுக்கு முன்னால், "நான் இல்லை, இவதான் செய்தது," என்று சொல்லவேண்டும். நானே நூறு தரம் சொல்லலாம், பெண்சாதி வாயாடி என்பார்கள். அவர் ஒருதரம் சொன்னால் முடிந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன், ஏன் சொல்கிறீர்களில்லை என்று.

"நான் செய்தன் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே," என்றார்.

அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. உண்மை. அந்த மனிசன் ஒரு பொய்யும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது சும்மா நின்றார். பொய் சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். சும்மா நிற்கிறவனை என்ன செய்வது? எழும்பிப் போய்க் கோப்பையை அலம்பினேன், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு.

இங்கே வீட்டில் செய்த காரைச் சும்மா ரோட்டில் இறக்க முடியாது. அதற்கென்று பரிசோதகர் ஒருவர் வந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, சரியென்றால்தான் நம்பர் பிளேட். எங்களுக்கு வந்தவர் உயரமான வெள்ளைக்காரர், அதிகம் கதைக்கமாட்டார். முதல்நாள் அவரும் என் கணவரிடம்தான் போனார். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் என் கணவர் என்னைப் பார்த்தார், மூன்றாவது கேள்வியை மனிசன் என்னிடம் கேட்டார். பிறகு வந்த நாளெல்லாம் நேரே என்னிடம்தான். கடைசிப் பரிசோதனையில் காரை வேகமாக ஓட்டி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துப் பார்த்தார். கார் இம்மியும் இழுபடாமல் நேரே நின்றது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரேக் நல்ல வேலை என்றார். உறவுமில்லை, ஊருமில்லை அந்த மனிசன். என் கணவர் அன்றைக்கு ரயிலேறி டவுனுக்கு வேலைக்குப் போயிருந்தார்.

நம்பர் பிளேட் வந்ததும் பெரியத்தான் வாகனப் பூசை என்று தொடங்கினார். ஐயருக்கும் சொல்லி, ஆட்களுக்கும் சொல்லி, எல்லாம் முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். பூசைக்கு நான் எதிரில்லை. சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்காமல் புதுக் காரை உருட்ட எனக்கும் மனம் வராது. சான்ட்ரிங்ஹாமில் எங்கள் ஆட்களின் கடைகளில் தேசிக்காய், தேங்காய், கற்பூரம், நீத்துப்பூசணிக்காய் எல்லாம் நானே வாங்கி வந்தேன். வடைக்கு உழுந்தும் நானே ஊறப்போட்டேன். காரைச் செய்தவள் வடையும் சுடவேண்டும், அதில் மட்டும் யாரும் பங்குக்கு வரவில்லை.

கராஜிலிருந்து கேற் வரைக்கும் எங்கள் பாதை சற்றுச் சரிவு. கேற்றடியில் தபால் பெட்டி பதித்த செங்கல் தூண் ஒன்று. காரைக் கழுவித் துடைத்துப் பாதையில் நிறுத்தினோம். ஐயர் பொனெட்டில் சந்தனம் குங்குமம் வைத்தார். சங்கற்பத்துக்கு வாகனத்துக்குரியவரின் பெயர், நட்சத்திரம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியத்தான் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி முடித்துவிட்டார். ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். மந்திரத்துக்கு நடுவில் புகுந்து சண்டை பிடிக்க முடியுமா? என் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய். யார் ஓட்டுவது? நான் கார்த் திறப்போடு முன்னுக்குப் போனேன். "வீட்டுக்காரன்தானே முதல் உருட்டோணும்," என்றார் பெரியத்தான். இவர் தன் வாழ்நாளில் கியர் போட்டு ஓட்டியதில்லை, ஹைபிரிட்டோடு சரி என்றேன். நாலு அடிதானே, தேசிக்காய் நசிந்தால் போதும் என்றார்கள். என் கணவர் கையை நீட்டினார். தமையனுக்கு முன்னால் தனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

திறப்பைக் கொடுக்குமுன் ஒன்று சொன்னேன். ஐயர் கேட்டார், பெரியத்தான் கேட்டார், வந்திருந்த சனம் முழுக்கக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, வேட்டியோட ஏறாதேங்கோ. பெடல் எல்லாம் நெருக்கம். காற்சட்டை மாத்திக்கொண்டு வாங்கோ."

"பூசைக்குக் காற்சட்டையோ பிள்ளை?" என்று பெரியத்தான் சிரித்தார்.

இவர் பட்டுக்கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஒருமாதிரி உள்ளே இறங்கினார். கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு, மெல்ல விட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் விட்டார். கார் அசைந்தது. தேசிக்காய் நசிந்த சத்தம் கேட்டது. அரோகரா என்றார்கள். நானும் கும்பிட்டேன். அந்த ஒரு நொடி எனக்குக் கோபம்கூட இல்லை.

அப்புறம் எஞ்சின் அலறியது. கார் பாய்ந்தது. ஐயர் தட்டத்தோடு புல்லுக்குள் குதித்தார். நேரே போய்ச் செங்கல் தூணில் மோதி நின்றது.

யாருக்கும் காயமில்லை. என் கணவரின் நெற்றியில் ஒரு சின்ன வீக்கம், அவ்வளவுதான். ஆனால் என் கிரில் உள்ளே போயிருந்தது. ஒரு மாரிகாலம் ஒட்டிய கம்பிகள் உடைந்து நாலு பக்கமும் விரிந்து நின்றன. நான் அந்த இடத்திலேயே நின்றேன். சனம் ஓடியது, என் கணவரிடம். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். கண்ணூறு இதோடு கழிந்தது என்றது ஒரு குரல். "பாவம், எத்தனை வருஷம் கஷ்டப்பட்டுச் செய்த மனிசன்," என்று இன்னொருவர் அவருடைய முதுகைத் தடவினார். முதுகைத் தடவுகிறார்கள்! நான் இங்கே நிற்கிறேன், என் முதுகு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அப்போது பெரியத்தான் காரைச் சுற்றி வந்து, முன் சில்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த பிரேக்கை ஆர் பூட்டினது?"

என் கணவர் காருக்குள் இருந்தபடியே, நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"இவதான்."

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வசனம். நாலு பேருக்கு முன்னால், தமையனுக்கு முன்னால், அவர் வாயால். சேசிக்கு வரவில்லை, எஞ்சினுக்கு வரவில்லை, கிரில்லுக்கு வரவில்லை. பழி என்றதும் வந்துவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது தெரிகிறது போலும், நான் யார் என்று. பெரியத்தான் தலையை ஆட்டி, அதுதானே பார்த்தேன் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்!

நான் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். இறங்குங்கோ என்றேன். அவர் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து பார்த்தேன். வேட்டிக்கரை அக்சிலரேட்டர் கம்பியில் சுற்றி இறுகிக் கிடந்தது. பிரேக்குக்குக் காலைத் தூக்கத் தூக்க அது அக்சிலரேட்டரை இழுத்து அமத்தியிருக்கிறது. கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. கராஜுக்குள் போய்க் கத்தரியை எடுத்து வந்தேன். அந்தப் பட்டுக்கரையை வெட்டித்தான் மனிசனை வெளியே எடுத்தேன். கிரீஸ் பிரண்ட அந்தத் துண்டைப் பெரியத்தானின் கையில் கொடுத்தேன்.

"இதைப் பூட்டினது நானில்லை, பெரியத்தான்."

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். நான் காரில் ஏறினேன். பின்னுக்கு எடுத்து, கராஜ் வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். உடைந்த கம்பிகள் கிலுகிலுத்தன. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பிறகு அதே சரிவில், அதே தூணை நோக்கி வேகமாக விட்டு, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். தூணுக்கு ஒரு முழம் இருக்க கார் நின்றது. நேரே நின்றது. எஞ்சினை நிறுத்தினேன்.

"இப்ப சொல்லுங்கோ," என்றேன், என் கணவரிடம்.

கரையில்லாத வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் புல்லில் நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு தமையனைப் பார்த்தார்.

"அண்ணை, பிரேக் மட்டுமில்லை. எல்லாம் இவதான். நான் இந்தக் காரில ஒரு ஆணிகூடப் பூட்டேல்லை."

பெரியத்தான் கையிலிருந்த வேட்டித் துண்டை மடித்தார். பிறகு, "அதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போனார். நான் திட்ட வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். முதல்தரமாக அந்த மனிசன் சரியாக ஒன்று சொல்லியிருந்தார்.

கிரில்லை மறுபடி செய்தேன். இன்னொரு மாரிகாலம். ஆனால் அதைச் சுற்றியிருக்கிற தகட்டில், வலப்பக்கம், கீழே, ஒரு நெளிவு இருக்கிறது. அதை மட்டும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்த எனக்கு அரைநாள் போதும், ஆனாலும் மாட்டேன்.

இப்போதும் கார்க்காட்சிகளுக்குப் போனால் முதலில் அவருடைய கையைத்தான் பிடித்துக் குலுக்குகிறார்கள். அவர் அந்த நெளிவைக் காட்டி, இது மட்டும்தான் என் வேலை, மிச்சம் முழுக்க இவ என்கிறார். பகிடி என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, என்ன எஞ்சின் என்று அவரிடமே கேட்கிறார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பதிலும் சொல்வதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டவன் தானாக என் பக்கம் திரும்பும் வரைக்கும் பேசாமல் நிற்கிறார். சும்மா நிற்பதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே. நானும் அவசரப்பட்டு வாயைத் திறப்பதில்லை. என்னைப் பார்த்துக் கேட்கட்டும்.